முள்ளெலிக் காளானைக் கண்டவர்

ஓடென்ஸ்
12 நவம்பர் 2021

எஸ்பென்,

முந்தாநாள் மார்ட்டின் திருநாள் விருந்து. வழக்கம்போல நீ வருவாய் என்று வாத்து வாங்கி வைத்திருந்தேன். நீ காலையில் கூப்பிட்டபோது 'வராதே' என்று மட்டும் சொல்லி வைத்தேன் அல்லவா, காரணம் இதுதான்.

அன்று விடிந்ததும் டிட்லெவ் வந்தார். எங்கள் காளான் சங்கத்தில், யார் எந்தக் காளானை எங்கே கண்டார் என்ற பதிவுகளைச் சரிபார்க்கிறவர், உனக்குத் தெரியும். கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார். ஹெஸ்ட்லுண்ட் காட்டில், ஓடைப் பக்கத்துக் கிழட்டு பீச் மரத்தில், செப்டம்பரில் நான் கண்ட முள்ளெலிக் காளான் தானாக முளைத்தது இல்லையாம். வெட்டி எடுத்துப்போன துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடைகளில் வளர்த்து விற்கிறார்களே, அதே ரகம். பிறகு ஏணி போட்டு ஏறிப் பார்த்திருக்கிறார்கள். கிளை முறிந்த வடுவில் டிரில் போட்ட ஓட்டைகள். ஓட்டைக்குள் காளான் விதை ஏற்றிய குச்சி. அதற்கு மேல் சிவப்பு மெழுகு, சீஸ் கட்டிமேல் பூசுகிற மெழுகு.

ஈஸ்டர் விருந்துக்கு, நிலவறையில் வளர்த்த அதே காளானை வெண்ணெயில் வதக்கி எடுத்து வந்தது யார்? 'அந்த ஓடைப் பக்கம் போயி ரொம்ப நாளாச்சே அக்கா, ஒரு நடை போய்ட்டு வாயேன்' என்று செப்டம்பர் முழுக்க நச்சரித்தது யார்? டிட்லெவ் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உன் முகம்தான் வந்து நின்றது.

அவர் உன்னைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "சோல்வை, இது உங்க வேலையா?" என்றார். ஏன் கேட்க மாட்டார்? அந்தக் காளானுக்காக முப்பது வருஷமாக அலைகிறவள் நான்தானே. இல்லை என்றேன். சங்கம் முடிவு சொல்லும்வரை என்னுடைய பதிவுகள் எல்லாவற்றையும், எல்லாவற்றையும் எஸ்பென், ஓரமாக எடுத்து வைத்திருக்கிறார்களாம். ஆதாரம் போதாது என்று எத்தனையோ பேருடைய பதிவைத் தள்ளியவள் நான். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை அழவே வைத்திருக்கிறேன்.

உன் பெயரை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் சிரித்துவிடுவேன். சின்ன வயசிலிருந்து நீ அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறாய். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. பெரிய எழுத்தாக எழுது, என் கண் இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியும்.

வாத்தை நான் ஒருத்தியே தின்றேன். சரியாக வேகவில்லை.

சோல்வை


ஹெஸ்ட்லுண்ட்
19 நவம்பர் 2021

அக்கா,

நான்தான் பண்ணேன். சுத்தி வளைக்க மாட்டேன். பெரிய எழுத்துல எழுதுறதால தாள் நெறைய ஆகும், பொறுத்துக்க.

மூணு வருஷம் முன்னால கண் டாக்டர்கிட்ட உன்ன கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா. நீ உள்ள போயிட்டு வந்து நேரா காருக்கு நடந்த. கார்ல ஏறி பெல்ட்டு போட்டுக்கிட்டு, 'நடுப்பார்வை கொஞ்சம் கொஞ்சமா போயிடுமாம். அப்போ முள்ளெலிய பாக்காமலேயே போகப் போறேன் போலருக்கு'ன்னு சொன்ன. சிரிச்சுக்கிட்டே சொன்ன. எனக்கு வண்டி ஓட்ட முடியல, பெட்ரோல் போடுற மாதிரி ஓரமா நிறுத்துனேன்.

அதுக்கப்புறம்தான் நிலவறையில வளக்க ஆரம்பிச்சேன். விதைக் குச்சிய மரத்துல வெக்கலாம்னு வளக்க வாங்குன பெட்டி மேலயே போட்டிருந்துச்சு. பாலம் ரிப்பேருக்கு ஏணியும் டிரில்லும் எப்படியும் எங்கிட்ட இருக்கும். மொத வருஷம் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது வருஷமும் இல்ல. சரி செத்துப்போச்சுன்னு விட்டுட்டேன். இந்த செப்டம்பர்ல ஒரு நாள் அண்ணாந்து பாத்தா வெள்ளையா ஒண்ணு தொங்குது.

நீ அத கண்டுபிடிச்ச அன்னிக்கு நான் ஓடைப் பாலத்துக்குக் கீழதான் இருந்தேன், பலகை மாத்திக்கிட்டு. நீ தொப்பியக் கழட்டிட்டு அப்படியே எலைக் குப்பையில உக்காந்த. உன்ன அந்த மாதிரி நான் பாத்ததே இல்ல அக்கா. கல்யாணத்தன்னிக்குக்கூட நீ அப்படி இல்ல. அந்த ஒரு நாளுக்காக எத்தனை ஓட்டை வேணாலும் போடலாம்னு எனக்கு அப்போ தோணுச்சு.

காளான் காளான்தானே. வெதை கடையிலேருந்து வந்தா என்ன, காத்துல வந்தா என்ன? வளந்தது அந்த மரத்துலதானே.

சங்கத்துல போயி சொல்லணும்னு நீ நெனைக்கிறது புரியுது. ஆனா அந்தக் காட்டுல பெஞ்சு, பாலம், கைப்பிடி எல்லாம் செஞ்சு குடுக்கறவன் நான். அங்க இருக்கிற மரத்துலயே ஓட்டை போட்டேன்னு தெரிஞ்சா வனத்துறை ஆபீஸ் என்னை வாசல்ல சேக்காது. ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. யாரோ பேர் தெரியாதவன் பண்ணதாவே இருந்துட்டுப் போகட்டுமே. நாலு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க.

வாத்துல எனக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா?

எஸ்பென்


ஓடென்ஸ்
30 நவம்பர் 2021

எஸ்பென்,

பூதக்கண்ணாடி வைத்து உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன்.

நீ பாலத்துக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டா இருந்தாய்? அன்றைக்கு நான் அந்த மரத்தோடு என்னென்னவோ பேசினேன். அம்மா செத்ததைப் பற்றிக்கூடப் பேசினேன். யாரும் இல்லை என்று நினைத்துத்தான் ஒரு மனுஷி அப்படிப் பேசுவாள். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. பரிசு கொடுத்துவிட்டு, பிரித்துப் பார்க்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று ஒளிந்திருந்து பார்த்திருக்கிறாய்.

காளான் காளான்தானே என்று எழுதியிருக்கிறாய். அதன் உருவத்தைப் பார்ப்பதுதான் என் ஆசை என்றால் உன் நிலவறையிலேயே பார்த்து முடித்திருப்பேனே. பார்த்தேன், தின்றேன், நன்றாகவே இருந்தது. நான் தேடியது வேறு. நூற்றைம்பது வருஷம் நின்ற ஒரு மரம், அதற்குத் தோன்றின காலத்தில் உள்ளே உளுத்து, அதற்குத் தோன்றின இடத்தில் அந்தக் காளானை விடும். அது வாடிப்போவதற்குள் அந்த வழியாக நான் போக வேண்டும். இதில் யாருடைய தயவும் கிடையாது. வீட்டிலும் சரி, வேலை பார்த்த இடத்திலும் சரி, யாராவது எனக்கென்று ஒதுக்கி வைத்ததுதான் எனக்குக் கிடைத்தது. காட்டில் கண்டதை மட்டும் யாரும் ஒதுக்கி வைக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். சீரகக் கேக் செய்து எடுத்துப் போனேன், யாரும் வெட்டவில்லை. ஒருவரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள். குளம்புக் காளான் பற்றி ஒருவர் படம் போட்டுக் காட்டினார். வழக்கமாக என் பக்கம் திரும்பி 'சரிதானே' என்று கேட்பார். இந்தத் தடவை கேட்கவில்லை.

நீ போய்ச் சொல் என்று நான் கேட்க மாட்டேன். உன் வேலை போய்விடும், அது எனக்கும் தெரியும். ஆனால் நாலு மாசத்தில் மறந்துவிடுவார்கள் என்று மட்டும் எழுதாதே. மறக்க மாட்டார்கள். மற்றவர்கள் விஷயத்தில் நானே மறந்ததில்லை.

சோல்வை


ஹெஸ்ட்லுண்ட்
16 ஜனவரி 2022

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு நீ கூப்பிடல. நானும் வரல. அத விடு.

போன வியாழக்கிழமை உங்க கூட்டத்துக்குப் போனேன். உன்னோட நாற்காலி காலியா இருந்துச்சு. எல்லாரும் உக்காந்ததும் எழுந்து நின்னு சொல்லிட்டேன். துக்கத்துக்குப் போடுற கறுப்புக் கோட்ட போட்டுக்கிட்டுப் போயிருந்தேன். போற வழியெல்லாம் ஏதாவது ஒரு ஜோக்கு சொல்லி ஆரம்பிக்கலாம்னு யோசிச்சேன், அங்க போனதும் வாய்ல ஒண்ணும் வரல. டிட்லெவ் ஏன் பண்ணீங்கன்னு கேட்டார். அக்காவுக்குப் பார்வை போகுதுன்னு சொன்னேன். அதுக்கு மேல அவர் கேக்கல. நீ அழ வெச்ச அந்த வாத்தியார்தான் திரும்பத் திரும்பக் கேட்டார், "சோல்வைக்கு இது தெரியுமா?"ன்னு. தெரியாது, ஒரு எழவும் தெரியாதுன்னு சொன்னேன்.

வனத்துறை ஆபீஸ்லயும் நானே போயி சொன்னேன். சின்னப் பையன் ஒருத்தன்தான் இப்போ அதிகாரி. காப்பி குடுத்து உக்கார வெச்சு, இனிமே வேலை இல்லைன்னான். மரியாதையாத்தான் சொன்னான்.

அந்தக் கிளையோட மிச்சத்த அறுத்து எரிக்கணும்னாங்க, கடை ரகம் காட்டுக்குள்ள பரவக் கூடாதுன்னு. ஏணி பிடிக்க ஆள் வேணுமேன்னு என்னையே கூப்பிட்டாங்க. அறுத்துப் பாத்தா அக்கா, உள்ள காளான் இழை வெள்ளை வெள்ளையா எவ்வளவு தூரம் ஓடியிருக்குங்கற. நான் வெச்சது ஒரு கைப்பிடி குச்சி. அடிமரத்துக்குள்ளயும் போயிருக்கலாம், இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொன்னாங்க. அந்த மரம் பாட்டுக்கு நின்னுக்கிட்டிருந்துச்சு. உனக்குப் பண்ணதத்தான் இத்தன நாளும் யோசிச்சேன், அதுக்குப் பண்ணத அப்போதான் பாத்தேன்.

நான் குறுக்க வந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் சொல்லத் தெரியுது.

எஸ்பென்


ஓடென்ஸ்
8 மார்ச் 2022

எஸ்பென்,

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது எதிர்வீட்டு ரெகிட்ஸே. பிழை இருந்தால் அவளைத் திட்டு. பூதக்கண்ணாடியும் இப்போது உதவுவதில்லை.

சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், கையில் மார்சிபான் கேக்கோடு. என் பதிவுகளை எல்லாம் பழையபடி சேர்த்துவிட்டார்களாம். டிட்லெவ் மன்னிப்புக் கேட்டார். அந்த வாத்தியாரும் வந்திருந்தார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டு நிறையக் கேக் தின்றார். முள்ளெலியை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்கத்தான் வேண்டும்.

உன் வேலை போனதற்கு எனக்கு வருத்தம்தான். நீ எழுந்து நின்று சொன்னாய் என்று கேட்டதும் ரெகிட்ஸே வீட்டுக் குளியலறையில் போய் அழுதேன். (ஆமா, அழுதாங்க. - ரெகிட்ஸே.) இதை எழுதச் சொல்லி நான் சொல்லவில்லை.

கோபம் போய்விட்டது. ஆனால் அந்த இடத்தில் வேறெதுவும் வரவில்லை. அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்த பத்து நிமிஷத்தை நினைத்தால் இப்போது பாலத்துக்குக் கீழே நீ சுத்தியலோடு குனிந்திருப்பதுதான் தெரிகிறது. அதுதான் நான் காட்டுக்குப் போன கடைசி தடவை. இனிப் போய் என்ன செய்ய? எதை நேராகப் பார்க்கிறேனோ அது இல்லாமல் போகிறது. ஓரத்தில் இருப்பதுதான் தெரிகிறது.

போன் இன்னும் வேண்டாம். எழுதிக்கொண்டிரு. உன் கடிதத்தை ரெகிட்ஸே நன்றாகப் படிக்கிறாள், உன் குரலையும் பிடிக்கிறாள்.

சோல்வை


ஹெஸ்ட்லுண்ட்
17 அக்டோபர் 2022

அக்கா, (ரெகிட்ஸே, இத மெதுவா படிங்க.)

ஒம்பது மாசமா அலமாரிக் கதவும் சமையலறையும் செஞ்சு குடுத்து ஓட்டுறேன், அது போகட்டும். நேத்து ஞாயித்துக்கெழமை காட்டுக்குப் போயிருந்தேன். வேலை போனாலும் என் பாலமெல்லாம் எப்படி இருக்குன்னு பாக்காம இருக்க முடியல. வடக்குப் பக்கம், சதுப்புக்கு அந்தாண்ட ஒரு ஓக் மரம் இருக்கே, இடி விழுந்தது. அதுக்கு எதிர்ல உக்காந்து கறுப்பு ரொட்டியும் ஹெரிங் மீனும் தின்னுக்கிட்டிருந்தேன். அண்ணாந்து தண்ணி குடிச்சேன். அங்க இருக்கு.

முள்ளெலி. என் தலையளவு. வெள்ளை முள்ளெல்லாம் நேரா கீழ பாத்துத் தொங்குது.

நான் அதத் தொடல. ஓட்டை இருக்கான்னு மரத்த சுத்திச் சுத்திப் பாத்தேன். எவனாவது என்னை மாதிரி ஒருத்தன் வேலையா இருக்குமோன்னு எனக்கே பயம். ஓட்டை இல்ல, மெழுகு இல்ல, எங்கயும் பட்டை சேதமே இல்ல. சத்தியமா நான் அந்தப் பக்கம் டிரில் எடுத்துட்டுப் போனதே கெடையாது.

யார்கிட்டயும் சொல்லல. போன்ல பதிவு எழுதி வெச்சிருக்கேன். கண்டவர்ங்கற எடத்துல சோல்வை ரவ்ன்னு உன் பேரத்தான் போட்டிருக்கேன். இன்னும் அனுப்பல. நீ வந்து பாத்துட்டு நீயே அனுப்பிக்க. ஓரத்துப் பார்வைதான் இருக்கேக்கா. கார்லயே பக்கத்துல வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். பனி விழுந்தா மஞ்சளாகிடும், சீக்கிரம் சொல்லு.

எஸ்பென்


ஓடென்ஸ்
21 அக்டோபர் 2022

எஸ்பென்,

ரெகிட்ஸே படித்து முடித்ததும் என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? 'இதையும் இவனே வெச்சிருப்பானோ?' என்றேன். அவள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். "தம்பியப் பத்தி இப்படியா பேசுவீங்க?" என்றாள். பேசக் கூடாதுதான். ஆனால் பேசிவிட்டேன், பேசினதை அவளையே எழுதவும் சொல்கிறேன்.

முன்பு மாதிரி இருந்தால் அன்றைக்கே பஸ் ஏறி வந்து, ஏணி வாங்கி ஏறி, பட்டையை விரலளவு விரலளவாகப் பார்த்திருப்பேன். இப்போது ஓட்டை இருக்கிறதா என்று உன்னிடமேதான் கேட்க வேண்டும். நீ இல்லை என்கிறாய். அதை நம்ப முடியாமல் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. நீ பொய் சொல்கிறாய் என்று நான் நினைக்கவில்லை, எஸ்பென். நம்பத்தான் வரவில்லை.

அப்புறம் என் பெயர். மறுபடியும் எனக்குப் பரிசா? அழித்துவிடு. டிட்லெவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. அவர் சொல்லட்டும்.

சோல்வை


ஹெஸ்ட்லுண்ட்
4 நவம்பர் 2022

அக்கா,

டிட்லெவ் வந்தார். ஏணி போட்டு அவரே ஏறினார், இந்த வயசுல. ஒரு துண்டு எடுத்துட்டுப் போனார். இன்னிக்குக் காலைல பதில் சொன்னார். கடை ரகம் எதோடயும் சேரலியாம். காட்டுலயே பொறந்ததுதான். என் கையப் பிடிச்சுக் குலுக்கினார்.

உன் பேர அழிச்சுட்டேன். கண்டவர் யாருன்னு போடலாம்னு கேட்டார், பத்து நாள் பொறுங்கன்னேன்.

நுனியெல்லாம் மஞ்சளாக ஆரம்பிச்சுடுச்சு. அடுத்த வாரம், பதிமூணாந்தேதி ஞாயித்துக்கெழமை காலைல காரோட உன் வாசல்ல வந்து நிப்பேன். நான் ஒண்ணும் பேச மாட்டேன். நீ கதவத் தொறக்கலன்னா திரும்பிப் போயிடறேன்.

எஸ்பென்


ஓடென்ஸ்
14 நவம்பர் 2022

எஸ்பென்,

இதை நானே எழுதுகிறேன். வரி மேலும் கீழும் போகும். ரெகிட்ஸேவுக்கு இது தெரிய வேண்டாம், உனக்கும் எனக்கும் மட்டும்தான்.

பேச மாட்டேன் என்று எழுதிவிட்டு வழி முழுக்கப் பேசினாய். நல்லதுதான். சதுப்பில் கால் வைக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். ஓக் மரத்தடியில் என்னை நிறுத்தி, என் முகவாயைத் தொட்டு இப்படிப் பார் என்று திருப்பினாய். "தெரியுதா அக்கா?" என்று கேட்டாய். தெரியுது என்றேன். "நல்லா தெரியுதா?" என்றாய். நல்லாத் தெரியுது, முள்ளெல்லாம் நீளமா இருக்கு என்றேன்.

தெரியவில்லை. நேரே பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தபோது வெளிச்சமாக ஏதோ இருந்தது. அது காளானா, கிளை நடுவே தெரிந்த வானமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முள் நீளம் என்று சொன்னது படங்களில் பார்த்து மனப்பாடம் ஆனது.

நீ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது எனக்குக் கேட்டது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கண் டாக்டரிடமிருந்து திரும்பி வந்த அன்று காரில் நீ எப்படி இருந்திருப்பாய் என்று அங்கே நிற்கும்போதுதான் விளங்கியது. அன்றைக்கு நீ டிரில்லை எடுத்தாய். நேற்று நான் 'தெரியுது' என்றேன். உன்னை நான் ஒரு வருஷம் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்க வேண்டாம். அதில் பாதி நாள் எனக்குப் பார்வை இருந்தது.

அது நிஜமான முள்ளெலி. டிட்லெவ் சொன்னதற்கு முன்னாலேயே நான் நம்பியிருக்க வேண்டும், நம்பவில்லை. அதற்காக என்னைத் திட்டு, போனிலேயே திட்டலாம், இன்று சாயங்காலமே கூப்பிடு. ஆனால் பதிவில் பொய் எழுதக் கூடாது. முப்பது வருஷத்தில் நான் எழுதியதில்லை, உன்னையும் எழுத விட மாட்டேன்.

கண்டவர் என்ற இடத்தில் எஸ்பென் ரவ்ன் என்று போட்டு அனுப்பு. அதற்குக் கீழே, உடன் பார்த்தவர் என்று கேட்டிருக்கும். அதை நிரப்பாதே.

சோல்வை